சிவனொளிபாதத்துக்கு ஹந்தானையில் பழகுங்கள்

டிசம்பர் உந்துவப் போயாவோடு தொடங்கும் சிவனொளிபாத யாத்திரை வெசாக் வரை நீளும். கண்டியில் மாலை வான் ஏறி, தூக்கத்தையும் விட்டு, நள்ளிரவில் நல்லதண்ணியிலிருந்து படியேறுகிறவர்கள் ஏராளம். விடியும்போது உச்சியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்தப் படிகளில் யாத்திரிகர் நெஞ்சு வலித்துச் சரிந்த செய்தி வந்தால் பழி குளிரின்மேல் விழும். குளிருக்குப் பங்கில்லாமல் இல்லை. அது இரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. ஆனாலும் பெரிய குற்றவாளி, வருடம் முழுக்கக் கதிரையில் இருந்த உடலை ஒரே இரவில் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏற்றும் நம் அவசரமே.

பனி கொட்டும் நாடுகளில் வாசற்பனியை அள்ளப் போனவர்கள் மாரடைப்பில் விழுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறார்கள். மாரடைப்பு வந்த 1,228 பேரை விசாரித்து 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று விஷயத்தைத் தெளிவாக்கியது. கடும் உழைப்பை அடுத்த ஒரு மணி நேரத்தில், வாரம் ஐந்து தடவையாவது உடற்பயிற்சி செய்பவருக்கு அபாயம் 2.4 மடங்கு கூடியது. வாரம் ஒரு தடவைகூடச் செய்யாதவருக்கு 107 மடங்கு. ஒரு தனியாளின் அபாயம் அந்த ஒரு மணி நேரத்தில் அப்போதும் சிறியதே. ஆகவே யாத்திரையைக் கைவிடச் சொல்வது என் நோக்கமல்ல. எழுபது வயது ஆச்சி ஏறவில்லையா என்று கேட்பார்கள். ஏறுகிறார். கொழுந்துக் கூடையோடு தோட்டத்துச் சரிவுகளில் வாழ்நாளெல்லாம் ஏறியிறங்கிய கால்கள் அவை. கண்டிக்காரருக்கு மலை புதிதா என்பது அடுத்த கேள்வி. நகரம் ஏறத்தாழ 500 மீற்றரில் இருக்கிறது, அதன் ஏற்றங்களையும் நாம் முச்சக்கரவண்டியில்தான் கடக்கிறோம். சிகரமோ 2,243 மீற்றர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழக் கால்பங்கு குறைவு.

ஆறேழு வாரங்களுக்கு முன்பே கண்டி வாவியைச் சுற்றி விரைந்து நடக்கத் தொடங்கி, பிறகு ஹந்தானை மலைச் சரிவுக்குப் போகலாம். செலவு ஒரு சோடிச் சப்பாத்து. நீரிழிவோ பிறஷரோ உள்ளவர்கள் புறப்படுமுன் கிளினிக்கில் கேட்டுவிடுங்கள். பயண நாளில் குளிசையை விடாதீர்கள். படிகளில் அம்புலன்ஸ் ஏறாது, விழுந்தவரை ஆட்கள்தான் தூக்கி இறக்க வேண்டும். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கோ கண்டி ஆஸ்பத்திரிக்கோ போய்ச் சேரும் நேரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆகவே நெஞ்சு இறுகினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால், வாய்வு என்று சோடா குடித்துவிட்டு மேலே போகாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து, 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கச் சொல்லுங்கள்.