இங்கிலீஷ் மெயின்

வெள்ளிமலையில் பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து, பி.ஏ. இங்கிலீஷ் சேர நிற்கிற பெண்ணிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். 'இங்கிலீஷ் பேச வந்துடும் சார்' என்பாள். கிடைக்கப்போவது என்ன? 1400-ல் செத்துப்போன சாசர், பின்னாலேயே மில்டன், அப்புறம் இங்கிலாந்தின் சமூக வரலாறு. பேசுவதற்கு அவளேதான் வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாசர் மேல் எனக்குக் கோபமில்லை. (நான் பி.காம். எனக்குத் தெரிந்த காவியம் பேலன்ஸ் ஷீட்தான்!) ஆனால், சேர்க்கைக்கு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இலக்கியம் வேறு, மொழியியல் வேறு, மொழிபெயர்ப்பு வேறு, மொழி கற்பிப்பது வேறு. நம்மூர் பி.ஏ.வில் பெரும்பாலும் இலக்கியம்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் ஊறுகாய்.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2021-ல் இந்த மாவட்டத்துக் கலைக்கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. மொழியியலுக்கென்றே உயராய்வு மையம் வைத்திருக்கிற பல்கலைக்கழகம் அது!

கல்வராயன் மலையாளிகள் கேரளாக்காரர்கள் இல்லை. தமிழ் பேசும் பழங்குடிகள். அவர்களின் பேச்சுத் தமிழுக்கே தனி வாசனை உண்டு. மலையாளிகளைப் பற்றி 1909-ல் இங்கிலீஷில் எழுதி வைத்தவர் எட்கர் தர்ஸ்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி. அதில் சரி எது, தப்பு எது என்று இங்கிலீஷிலேயே பதில் எழுத, அந்த மலைப் பெண்ணைவிடப் பொருத்தமான ஆள் யார்? அதற்கு வேண்டிய மொழியியலையும் மொழிபெயர்ப்பையும்தான் ஊறுகாயாக வைத்திருக்கிறோம்.

பணம் கட்டும் முன், ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். 'சேர்ந்தப்புறம் பார்த்துக்கலாம்மா' என்பார்கள். நகராதீர்கள்.