அரை வைத்தியனும் முழு வைத்தியனும்

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. 'ஆயிரம் வேரைக் கொண்டவன்' என்பதே நாளடைவில் இவ்வாறு திரிந்தது என்பர் அறிஞர். ஆயிரம் வேர்களைத் தேடி, அவற்றின் குணமறிந்தவனையே நம் முன்னோர் பாதி வைத்தியன் என்றனர் எனின், முழு வைத்தியனாவதற்கு எத்துணை உழைப்பு வேண்டும்! உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் கத்தி வைக்கும் சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றி எண்ணும்போது இப்பழமொழியே முன்வந்து நிற்கிறது.

லயன் காம்பராக்களில் அரைவயிற்றுக்கு உண்டு வாழ்ந்த நம்மவர்க்கு இப்பேச்சு எதற்கு என்று சிலர் நகைக்கலாம். நகைப்பதற்கில்லை. மலையேறிக் கொழுந்து பறித்தோரின் பிள்ளைகள் பலர் இன்று பதுளையிலும் பண்டாரவளையிலும் உட்கார்ந்து தொழில் செய்கின்றனர். நடை குறைந்தது, கோதுமை மா ரொட்டியும் சீனி மிகுந்த தேநீரும் குறையவில்லை. ஆசிய மக்களை ஐரோப்பியரைவிடக் குறைந்த பருமனிலேயே நீரிழிவு பற்றிக்கொள்கிறது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியது.

இச்சிகிச்சை நேற்றுத் தோன்றியதன்று. குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தோர் பின்னர் மெலிந்தே இருந்ததைக் கண்ட எட்வேர்ட் மேசன் என்னும் அமெரிக்க நிபுணர், அயோவா பல்கலைக்கழகத்தில் 1966 ஆம் ஆண்டில் இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். இன்று பெரிதும் கையாளப்படுவது இரைப்பையில் ஏறக்குறைய நூற்றுக்கு 75 முதல் 80 பங்கை நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் ஆக்கும் முறை. வயிற்றைப் பெரிதாகக் கிழியாமல், சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்வது. நீக்கிய பகுதி திரும்பி வாராது. ஆகையால், கத்தி யார் கையில் இருக்கிறது என்னும் கேள்வி அற்பமானதன்று.

அக்கை எவ்வாறு பழகியது? நம் நாட்டில் ஒருவர் மருத்துவபீடத்தில் ஐந்தாண்டு பயின்று, ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெற்று, இலங்கை மருத்துவ சபையிற் பதிவாகிய பின்னரே வெறும் டாக்டர் ஆகிறார். அதன்மேல் கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பரீட்சைகளும், உள்நாட்டு வெளிநாட்டுப் பயிற்சிகளும் பல்லாண்டுகளை விழுங்கிய பின்பே நிபுணர் என்னும் பெயர். துளைவழிச் சிகிச்சையிலும் பருமன் சிகிச்சையிலும் பெறும் பயிற்சி அதற்கும் அப்பாற்பட்டது.

இத்துறைக்கு வந்தோர் எல்லோரும் செல்வர் மனைகளிற் பிறந்தவர் என எண்ணற்க. துளைவழிச் சத்திரசிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவரும், கோயம்புத்தூரில் ஜெம் மருத்துவமனையை நிறுவியவருமான டாக்டர் சி. பழனிவேலுவின் வரலாறு நம் மலைநாட்டார் அறியவேண்டியது. தமிழகத்துக் கிராமமொன்றில் வறிய குடும்பத்திற் பிறந்த அவர், இளமையில் மலேசியாவிலே தோட்டத்தொழிலாளியாக உழைத்தவர். மற்றவர் பட்டம் பெறும் வயதில் தாயகம் திரும்பி, விட்ட பள்ளிப்படிப்பைத் தொட்டார். பின்னர் மருத்துவம் பயின்று இரைப்பை குடல் சத்திரசிகிச்சையில் தேர்ந்தார். நோயாளியைக் குப்புறக் கிடத்தி, துளைவழியே உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்யும் முறையில் 130 நோயாளரிடம் தாம் கண்ட அனுபவத்தை 2006 இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் அவர் வெளியிட்டார். அவர் நிறுவிய மருத்துவமனையில் உடற்பருமனுக்கான சிகிச்சையும் நடைபெறுகிறது. தோட்டத்திற் காய்த்துப்போன கை, தலைமயிரளவும் தவறாத நுண்தொழிலுக்குப் பழகியது என்பது சிறிய செய்தியா?

இச்சிகிச்சையை நாடுவோர் கூச்சமின்றிக் கேட்கவேண்டியவை சில உண்டு. நிபுணரின் பெயர் மருத்துவ சபையிற் பதிவாகியுள்ளதா? இதே சிகிச்சையில் எங்கே, எத்தனை ஆண்டு பயின்றார்? எத்தனை பேருக்குச் செய்தார், அவர்களுள் எத்தனை பேருக்கு இடர் நேர்ந்தது? பின்னர் ஆண்டுதோறும் நோயாளியைப் பார்ப்பவர் யார்? நல்ல நிபுணர் இவற்றுக்குச் சினவார். திருவள்ளுவர் மருந்து என்னும் 95 ஆம் அதிகாரத்தை முடிக்கும்போது நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன் ஆகிய நால்வகையையும் ஒருங்கே வைத்தெண்ணுகிறார். இங்கும் அவ்வாறே. சிகிச்சைக்குப்பின் உணவைச் சிறிது சிறிதாக உண்பதும், உயிர்ச்சத்து மாத்திரைகளை ஆயுள் முழுவதும் கொள்வதும் நோயாளியின் கடன். சமையலறையை மாற்றிக்கொள்வது குடும்பத்தின் கடன். இவ்விரண்டும் இன்றேல் நிபுணரின் கல்வி முழுதும் வீணே.

பெற்றோருக்கும் ஒரு சொல். சத்திரசிகிச்சை நிபுணரின் முதல் வகுப்பு மருத்துவபீடத்திலன்று, பாடசாலையின் விஞ்ஞான பாடத்திலேயே தொடங்குகிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத தோட்டப் பாடசாலைகள் இன்னும் பல. பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பட்டணத்துப் பாடசாலைக்கு வரும் பிள்ளையின் பஸ் செலவு வீட்டுக்குப் பெருஞ்சுமையே. எனினும், சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு மகனைக் கொழும்புக் கடைக்கும் மகளை வீட்டுவேலைக்கும் அனுப்புமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அப்பிள்ளை திரும்பிவந்து, "படிக்கிறேன், அப்பா" என்று கேட்கும் நாளில், வயது போய்விட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.