கல்லும் காணியும்



வீரனைப் போற்றுவது தமிழனுக்குப் புதிதன்று. களத்தில் மாண்டவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் பெருமையையும் பொறித்து வழிபட்ட மரபு நம்முடையது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்தவை. ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் படிகளையெல்லாம் தொல்காப்பியம் வரிசைப்படுத்திச் சொல்கிறது.

இவ்வளவும் நமக்குத் தெரியும், மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் மேடையில் அதிகம் பேசப்படாத சொல் ஒன்று உண்டு. அது ‘உதிரப்பட்டி’. போரிலும் பூசலிலும் உயிர் கொடுத்தவனுடைய குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்துக்கு நம் கல்வெட்டுகள் இட்ட பெயர் அது. ‘நெய்த்தோர்பட்டி’ என்றும் சொன்னார்கள். நெய்த்தோர் என்றாலும் குருதி. உதிரம் என்றாலும் குருதி. கல் வீரனுக்கு, காணி அவன் வீட்டாருக்கு. புகழ் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம் என்று இரண்டையும் பிரித்தறிந்து, இரண்டையும் கொடுத்தார்கள் நம் முன்னோர்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அமெரிக்க நாட்டில், படைப்பணியில் உடல் ஊனமுற்ற வீரர்களின் மோட்டார் வண்டிகளுக்குத் தனி எண் பலகை உண்டு. எண்ணோடு அவர் ஊனமுற்ற வீரர் என்பதும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வீரர் காலமான பிறகும், மாநிலங்கள் பலவற்றில், அவருடைய மனைவியோ கணவரோ அதே சிறப்புப் பலகையை வைத்துக்கொள்ளலாம். இதைப்பற்றி எங்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருநாள் பேச்சு வந்தது. “நம் நாட்டிலும் இப்படி ஒரு பலகை வேண்டும்” என்றார்கள் சிலர். “கூடாது” என்றார்கள் சிலர். நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. பலகை வேண்டாம், ஆனால் அந்தப் பலகையைத் தந்த நியாயம் நமக்கு வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், பலகை ஏன் வேண்டாம்?

நான் குடியிருப்பது சரோஜினி நகரில். மைய அரசு ஊழியர் குடியிருப்புகளால் எழுந்த ஊர் இது. முன்பு விநய் நகர் என்று பெயர். கோப்பும் கையுமாகத் தெற்கிலிருந்து வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேரூன்றின. இங்குள்ள சந்தையைச் சுற்றி நிற்கும் கார்களை ஒரு மாலைப்பொழுதில் பாருங்கள். ‘ராணுவம்’, ‘போலீஸ்’, ‘பத்திரிகை’, ‘பாரத அரசு’ என்று கண்ணாடிதோறும் ஒட்டியிருக்கும். எழுத்தைப் பார்த்தால் எல்லாரும் நாட்டுக்கு உழைப்பவர்கள்; வண்டியை நிறுத்தியிருக்கும் இடத்தைப் பார்த்தால் நடப்பவனுக்கு வழி விடாதவர்கள்! ஒட்டியிருப்பது மதிப்புக்காக அன்று, போக்குவரத்துக் காவலர் கை நீட்டாமல் இருப்பதற்காக.

காரின் தலையில் சுழன்ற சிவப்பு விளக்கின் கதையும் இதுவே. உயர்பதவிக்கு அடையாளமாக வந்தது. பிறகு யார் யாரோ வைத்துக்கொண்டார்கள். முடிவில் 2017 மே 1 முதல் அமைச்சர்களின் கார்களிலிருந்தும் அதை அகற்ற வேண்டியதாயிற்று. சென்னையிலோ, சொந்த வண்டிகளில் தொழிலையும் துறையையும் ஒட்டிக்கொள்வோருக்கு 2024 மே 2 முதல் அபராதம் என்று போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. மதிப்புக்குரிய அடையாளம் எதுவும் நம் சாலைகளில் நெடுநாள் மதிப்போடு இருப்பதில்லை. நாளைக்கே வீரரின் மனைவிக்கு ஒரு பலகை கொடுத்தால், நாளை மறுநாள் வீரரின் மைத்துனர் அந்த வண்டியை ஓட்டுவார்.

இன்னொன்றும் உண்டு. பலகை மாட்ட வண்டி வேண்டும். வேலூர், திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து சிப்பாயாகச் சேர்ந்தவர்களின் மனைவியரில் எத்தனை பேர் கார் வைத்திருக்கிறார்கள்? டெல்லிப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2019 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. 2021இல் தமிழ்நாட்டிலும் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் அது வந்தது. அந்தப் பயணம் ஏழைக் கைம்பெண்ணையும் எட்டியது. பலகை எட்டாது. இருப்பவர்க்கு மேலும் ஒரு சிறப்பும், இல்லாதவர்க்கு வேடிக்கை பார்க்கும் உரிமையும் தருவது சமதர்மம் ஆகாது.

அப்படியானால் பலகைக்குப் பின்னே இருக்கும் நியாயம் எது? இதைத்தான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

களத்தில் மாண்டவரின் மனைவியை நாடு அறியும். 2019 பிப்ரவரி 25 அன்று இந்தியா கேட் அருகே திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் சுவர்களில் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. அது இன்றைய நடுகல். ஆனால் சாகாமல் மீண்டவர் கதை என்ன? 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரில் உயிர் நீத்தவர் 527 பேர். காயமுற்றவர் 1,363 பேர். அந்த 527 பேருக்குக் கல் உண்டு. அந்த 1,363 பேருள் காலிழந்தும் கண்ணிழந்தும் முதுகெலும்பு முறிந்தும் வீடு திரும்பியவர்களைத் தூக்கி உட்கார வைத்தவர் யார்? குளிப்பாட்டியவர் யார்? இரவில் நான்கு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைத்தவர் யார்? நாடு ஒருநாள் போரை வெற்றி என்று அறிவித்து முடித்துவிட்டது. அந்த வீடுகளில் போர் முடியவே இல்லை. அதில் ஊதியமின்றி, விடுப்பின்றி, பதக்கமின்றிப் பணியாற்றியவள் மனைவி.

அமெரிக்கப் பலகை கண்டுகொள்வது அவளைத்தான். கணவன் களத்தில் இறக்கவில்லை. வீட்டில், ஆண்டுகள் பல கழித்து இறந்தான். ஆயினும் அவன் பெருமையில் இவளுக்கும் பங்கு உண்டு என்கிறது அது. இந்த ஒரு நினைப்பு உயர்ந்தது.

நம் நாட்டு விதிகள் என்ன சொல்கின்றன? போரில் இறந்தவரின் குடும்பத்துக்குத் தாராளக் குடும்ப ஓய்வூதியம், அதாவது அவர் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுதும். பணியின் காரணமாக இறந்தவர் குடும்பத்துக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 100க்கு 60 விழுக்காடு. ஏனையோர்க்கு வழக்கமான குடும்ப ஓய்வூதியம், 100க்கு 30. ஊனமுற்று ஓய்வுபெற்றவர், அவ்வூனத்தோடு தொடர்பில்லை என்று கருதப்படும் நோயால் பின்னாளில் இறந்தால், பொதுவாக மனைவிக்கு உரியது இந்த மூன்றாவது வகைதான். கணவருக்கு ஊனத்தின் பொருட்டு வந்துகொண்டிருந்த பகுதி அவரோடு நின்றுவிடும். நோய்க்கும் பழைய காயத்துக்கும் தொடர்பு உண்டு என்று நிலைநாட்ட வேண்டுமானால், கைம்பெண் மருத்துவக் காகிதங்களோடு போராட வேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். மகன் அரசு எழுத்தர். கணவர் படையில் இருந்தபோது முதுகில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வின்றிப் பத்தொன்பது ஆண்டுகள் படுக்கையில் கிடந்து, முடிவில் நிமோனியாக் காய்ச்சலில் போனவர். காய்ச்சல் வேறு, காயம் வேறு என்று பதில் வந்ததாம். நான் உயிரியல் படிப்பவன். ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும் உடலில் நுரையீரலில் சளி தங்கும், படுக்கைப் புண் வரும், சிறுநீர்வழித் தொற்று வரும் என்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். கடைசியில் கொன்றது கிருமியாக இருக்கலாம். கதவைத் திறந்துவிட்டது காயம் அன்றோ? அந்த அம்மையார் சினம்கூடக் கொள்ளவில்லை. “மாலை போட எல்லாரும் வராங்க தம்பி. மனு எழுதத்தான் ஆள் கெடைக்கல” என்றார். அவ்வளவுதான்.

இங்கேதான் அமெரிக்காவிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது; அது பலகையன்று. முழு ஊனமுற்றவர் என்று மதிப்பிடப்பட்ட வீரர், இறப்பதற்கு முன் பத்தாண்டுகள் தொடர்ந்து அந்நிலையில் இருந்திருந்தால், அவர் எந்த நோயால் இறந்தாலும் அவர் துணைவருக்கு இழப்பீட்டு உதவி உண்டு என்பது அந்நாட்டுச் சட்டம். பத்தாண்டு பணிவிடையே சான்று. வேறு சான்று வேண்டா! இத்தகைய விதி ஒன்றை நாமும் கேட்க வேண்டும். இது பலகையைவிட அதிகச் செலவுதான். மதிப்பு என்பது செலவில்லாமல் கிடைக்கும் பொருள் என்று யார் சொன்னது?

அமெரிக்காவிடமிருந்து கற்கக் கூடாததும் ஒன்று உண்டு. சில மாநிலங்களில், மறுமணம் செய்துகொள்ளாத வரையில்தான் அந்தப் பலகை அவளுக்கு. மணந்தால் கழற்றிவிட வேண்டும். இதில் நாம் அவர்களைப் பழிக்கவும் வழியில்லை. வீரப் பதக்கங்களோடு சேர்ந்த பணப்படியைப் பெறும் கைம்பெண், மறுமணம் செய்துகொண்டாலும் அதைத் தொடர்ந்து பெற வேண்டுமானால், இறந்த கணவரின் உடன்பிறந்தானையே மணந்திருக்க வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருந்தது. 2017 நவம்பரில்தான் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. பிரிட்டனில் 2015 ஏப்ரல் முதல் போர்க் கைம்பெண்கள் மறுமணம் செய்தாலும் ஓய்வூதியத்தை இழப்பதில்லை. செய்த பணிக்குரிய பரிசை, இனிச் செய்யப்போகும் மணத்தோடு முடிச்சுப் போடுவது என்ன நீதி? கைம்மை நோன்பைப் புறநானூற்றில் படிக்கிறோம், வருந்துகிறோம். அதையே ஓய்வூதிய விதிக்குள் ஒளித்து வைத்தால் ஏன் வருந்துவதில்லை?

சலுகை என்ற பெயரில் வருவது எவ்வளவு எளிதில் போகும் என்பதையும் எண்ண வேண்டும். போர்க் கைம்பெண்களுக்கு இரயிலில் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 100க்கு 75 கட்டணக் கழிவு இருந்தது. தொற்றுநோய்க் காலத்தில், 2020 மார்ச் 20 முதல், மாணவர், நோயாளர், ஊனமுற்றோருள் சில வகையினர் நீங்கலாக மற்ற கட்டணக் கழிவுகளை இரயில்வே நிறுத்தியது. மாணவராகிய நமக்கு நின்றுபோகவில்லை. ஆகவே நமக்கு அது தெரியவும் இல்லை. சலுகை அருளால் வருவது, அருள் மாறும். உரிமை சட்டத்தால் வருவது, கேட்டுப் பெறலாம். நான் வேண்டுவது உரிமை.

“மாணவர்களாகிய நாம் என்ன செய்ய முடியும்?” என்று கேட்கலாம். சட்டம் இயற்ற முடியாது; உண்மை. ஆனால் மனு எழுத முடியும். படைவீரர் நலனைப் பார்க்கும் மைய அமைப்பான கேந்திரிய சைனிக் வாரியம் இருப்பது பக்கத்து இராமகிருஷ்ணபுரத்தில். தமிழ்நாட்டு மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் உண்டு. படையினர் ஓய்வூதியம் இன்று ‘ஸ்பர்ஷ்’ என்னும் கணினி முறையில் வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ்ச் சான்று பதிய வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த ஒரு மூதாட்டிக்கு இது மலை. நமக்கோ அரைமணி நேர வேலை.

ஆகவே நம் மன்றத்துக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிவம் நிரப்பவும், மனு எழுதவும், வந்த கடிதத்தைத் தமிழில் படித்துச் சொல்லவும் உறுப்பினர் இருவர் அமர வேண்டும். இரண்டு: விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும், தத்தம் ஊரில் ஊனமுற்ற வீரர் வீடு எதுவென்று கேட்டறிந்து, அங்கே ஒருமுறை சென்று, வரவேண்டியது வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராதவற்றைத் தொகுத்தால், பத்தாண்டு விதியைக் கேட்டு எழுதும் விண்ணப்பத்துக்கு அதுவே சான்றாகும்.

கல் நடும் பணியை அரசு செய்துவிட்டது, நன்றாகவே செய்திருக்கிறது. காணியை அளந்து கொடுக்கும் பணி மிச்சம் இருக்கிறது. அதற்குக் கயிற்றின் ஒரு முனையையேனும் நாம் பிடிப்போம். வரும் செயற்குழுக் கூட்டத்தில் இத்தீர்மானங்கள் வரும். தோழர்கள் வந்து பேசுக, மறுப்போர் மறுக்க, ஒப்புவோர் முதல் ஞாயிற்றுக்கே பெயர் கொடுக்க.