25 அடிக்கு மேல் வேண்டாம், மாப்பிள்ளை

கலிபோர்னியாவில் 40 அடி நீளம் வரையுள்ள ஆர்.வி. வண்டியை ஓட்ட, கார் லைசென்ஸே போதும். மாப்பிள்ளை இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினார். ஆபீஸுக்கும் மளிகைக் கடைக்கும் போய்வர வாங்கிய சாதாரண லைசென்ஸ். அதையே காட்டி, லாஸ் வேகாஸில் ஒரு வாடகை நிறுவனத்தில் 28 அடி வண்டியின் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டார். அங்கே இருந்த பையன் மரியாதையானவன். அடுப்பை எப்படிப் பற்றவைப்பது, கழிவுத் தொட்டியை எப்படித் திறப்பது, டிவி ரிமோட் எந்த டிராயரில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறி மைசூர் போகிற ரூட்டில்தான் அதிகம் ஓட்டினேன். முதலில் கார் லைசென்ஸ், அதற்குப் பிறகு ஹெவி, அப்புறம் பேட்ஜ். வேலையில் சேர்ந்த பிறகும் மூத்த டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ரூட் பழகிவிட்டுத்தான், அந்த 27 கொண்டை ஊசி வளைவில் பயணிகளை வைத்துக்கொண்டு ஸ்டீயரிங் பிடித்தேன். ஆகவே இந்தக் கட்டுரையில் டிரைவரின் எரிச்சல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ், குளிக்கும் இடம் எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு ஓடும் வண்டி. நாங்கள் எடுத்தது, டிரைவர் தலைக்கு மேலேயும் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வகை. அடியில் ஃபோர்டு இ-450 சேஸிஸ். முழுச் சுமையோடு ஆறரை டன் வரை வரும். உயரம் ஏறக்குறைய 12 அடி. இதை எடுத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் டெத் வேலி தேசியப் பூங்காவுக்குப் போனோம். கோவை, திருப்பூர் மாவட்டங்களைச் சேர்த்தாலும் அந்தப் பாலைவனப் பூங்கா அதைவிடப் பெரியது. வருஷத்துக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர்தான் மழை. அங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10-ம் தேதி 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. உலகத்திலேயே அதிகம் என்று இன்றுவரை பதிவேட்டில் இருப்பது அதுதான். கோடையில் அந்தப் பள்ளத்தாக்குக்குள் வண்டியைக் கொண்டுபோகக் கூடாது என்று பல வாடகை நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. வண்டியின் ரேடியேட்டர் மேல் இருக்கும் கவலையில் பாதியாவது ஓட்டுகிறவன் மேல் இருக்கக் கூடாதா?

ஆர்.வி.யே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி, சர்க்கரை. இன்சுலினை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்திருக்க வேண்டும். கூடாரம் போட்டால் டார்ச் அடித்துக்கொண்டு சரளைக்கல்லில் நடந்து பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டும். வண்டிக்குள்ளேயே நாலு எட்டில் எல்லாம் இருப்பது அவளுக்குப் பெரிய உபகாரம். வயதான அப்பா அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்து ஊர் சுற்றிக்காட்ட நினைக்கும் பிள்ளைகளுக்கு ஆர்.வி. தோன்றுவது நியாயமே. ஆனால் எத்தனை அடி என்பதில்தான் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள். வாடகை வித்தியாசம் கொஞ்சம்தானே, பெரிதாகவே எடுத்துக்கொள்வோம் என்று கல்யாண மண்டபம் பிடிப்பதுபோலப் பிடித்துவிடுகிறார்கள்.

நீள வண்டியின் முதல் வில்லங்கம் அதன் வால். பின் சக்கரத்துக்குப் பின்னாலும் பல அடிக்கு உடம்பு நீட்டிக்கொண்டிருக்கும். இடது பக்கம் ஸ்டீயரிங்கை ஒடித்தால் வால் வலது பக்கம் வீசும். பஸ் டிரைவருக்கு இது ரத்தத்தில் ஊறியது. கார் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் காருக்கு அப்படி வால் கிடையாது. பரம்ப் என்ற ஊரில் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது மாப்பிள்ளை முன்பக்கத்தையே பார்த்து ஒடித்தார். பின்பக்கம் பங்க்கின் மஞ்சள் கம்பத்தை நோக்கிப் போனது. "நிறுத்துங்க மாப்பிள்ளை!" என்று நான் போட்ட சத்தத்தில் பேரன் சிப்ஸைக் கொட்டிவிட்டான். நான்கு விரல் இடைவெளியில் நின்றது. அதற்குப் பிறகு எங்கே ரிவர்ஸ் எடுத்தாலும் நான் இறங்கிப் பின்னால் போய் நின்று, கண்டக்டர் மாதிரி "வரலாம், வரலாம், ஹோல்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் இல்லை, அதனால் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. ஹெவி லைசென்ஸ்காரன் பின்னால் நின்று குரல் கொடுக்க, கார் லைசென்ஸ்காரர் ஓட்டினார். சட்டப்படி எல்லாம் சரி.

இரண்டாவது, இறக்கம். ஸ்டவ்பைப் வெல்ஸ் என்ற இடம் ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து 190-ம் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் டவுன் பாஸ் கணவாய், 4,956 அடி. சாலை அகலமானது, வளைவும் அதிகம் இல்லை, தார் வழுவழுவென்று இருக்கிறது. ஆபத்தே அதுதான். திம்பத்தில் வளைவுக்கு வளைவு வண்டி தானாக மெதுவாகும், டிரைவரும் விழிப்பாக இருப்பார். இங்கே நேர்ச்சாலை வண்டியைத் தன் போக்கில் இழுத்துக்கொண்டே போகும். ஏறும்போது இன்ஜின் சூடாகாமல் இருக்க ஏ.சி.யை அணைக்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். திரும்பி இறங்கும்போதோ மாப்பிள்ளை பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கு அந்த வாசனை வந்துவிட்டது. பிரேக் காய்ந்தால் வரும் கருகல் வாசனையை ஒரு தடவை முகர்ந்தவன் மறக்க மாட்டான்.

"பிரேக்கை விடுங்க மாப்பிள்ளை, கியரை இறக்குங்க."

"இது ஆட்டோமேட்டிக் மாமா, எங்கே இறக்கறது?"

ஓரம் கட்டச் சொன்னேன். முன் பெட்டியில் இருந்த கையேட்டை எடுத்துப் படம் பார்த்துத் தேடினோம். கியர் லீவரின் நுனியில் ஒரு சின்னப் பட்டன். அதை அமுக்கிவிட்டால் இறக்கத்தில் வண்டி தானாகவே கியரைக் குறைத்து, இன்ஜினாலேயே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆற விட்டு, பட்டனை அமுக்கி இறங்கினோம். இன்ஜின் உறுமியது, பிரேக்குக்கு வேலையே இல்லை. கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் இந்தப் பட்டனை டிவி ரிமோட்டோடு சேர்த்துக் காட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மூன்றாவதுதான் தலைப்பில் சொன்னது. டெத் வேலியில் பார்க்க வேண்டியவற்றில் முக்கியமான சிலவற்றுக்கு 25 அடிக்கு மேற்பட்ட வண்டிகள் போகவே கூடாது. ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் என்று 9 மைல் ஒருவழிப் பாதை இருக்கிறது. எரிமலைச் சாம்பலும் உலோகத் தாதுக்களும் காற்றுப் பட்டுப்பட்டு பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா என்று நிறம் மாறிய குன்றுகளுக்கு நடுவே போகிறது. எங்கள் வண்டிக்கு அனுமதி இல்லை. டான்டேஸ் வியூ என்ற மலைமுகடு 1,669 மீட்டர் உயரம். அங்கே நின்றால் நேர்கீழே பேட்வாட்டர் உப்புப் படுகை, வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த நிலம், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. எதிரே 3,368 மீட்டர் டெலஸ்கோப் சிகரம். மலைப்பாதையில் பாதிக்கு மேல் போன பிறகு பலகையைப் பார்த்தோம். மூன்றடி அதிகம். எங்களுக்குப் பின்னால் வந்த சின்னக் கார்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டி மேலே போயின. நாங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினோம். மூன்றடி நீளத்துக்கு அதிக வாடகையும் கொடுத்து, அந்த மூன்றடியாலேயே மலை உச்சியையும் விட்டோம்.

மண் சாலைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். தார் இல்லாத சாலையில் ஓட்டக் கூடாது என்பது வாடகை ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. டெத் வேலியின் சாலைகளில் மிகப் பெரும்பகுதி மண் சாலைதான்.

பேட்வாட்டருக்குப் போக முடிந்தது. அங்கே பெரிய வண்டிக்கும் தடை இல்லை. சாலை ஓரத்துப் பாறைச் சுவரில், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், கடல் மட்டம் இது என்று பலகை வைத்திருக்கிறார்கள். உப்பு வெளியில் கொஞ்ச தூரம் நடந்தால் ஆள்கள் மிதிக்காத இடத்தில் தரை ஆறு பட்டை, ஏழு பட்டையாகப் பிளந்து, ஒவ்வொரு பிளவின் ஓரத்திலும் உப்பு வரப்பு மாதிரி எழும்பியிருக்கிறது. என் மனைவி ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து, "கசக்குதுங்க, கல் உப்பு மாதிரி இல்லை" என்றாள். முழங்கால் வலியை மறந்து அவள் நடந்த ஒரே இடம் அது.

ஃபர்னஸ் கிரீக் பக்கத்தில் ஹார்மனி போராக்ஸ் ஆலையின் இடிபாடு இருக்கிறது. அங்கே ஒரு பழைய மரவண்டித் தொடர் நிற்கிறது. நான் அதைவிட்டு வர மனமில்லாமல் நின்றேன். 1883 முதல் 1889 வரை இங்கிருந்து மொஹாவி ரயிலடி வரை 165 மைல் தூரம் போராக்ஸ் உப்பை இப்படித்தான் கொண்டுபோனார்கள். இரண்டு சரக்கு வண்டி, பின்னால் 1,200 கேலன் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் சேர்ந்து சுமார் 36 டன். பின் சக்கரம் ஏழடி உயரம், என்னைவிடப் பெரிது. இழுத்தவை 18 கோவேறு கழுதைகளும் 2 குதிரைகளும். போய்ச்சேரப் பத்து நாள். மலை வளைவில் அத்தனை நீளச் சங்கிலி உள்பக்கமாகச் சரிந்து வண்டியையே பள்ளத்தில் இழுத்துவிடும். அதனால் வண்டிக்கு அருகில் பூட்டிய ஜோடிகளை, வளைவு வரும்போது சங்கிலியைத் தாண்டிக் குதித்து, வெளிப்பக்கமாகச் சாய்ந்து நடந்து இழுக்கும்படி பழக்கியிருந்தார்கள். நீள வண்டியை வளைவில் திருப்புவதில் உள்ள சூட்சுமம் முழுக்க அதில் இருக்கிறது. கோவேறு கழுதைக்கே அவ்வளவு பயிற்சி கொடுத்த பள்ளத்தாக்கு இது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தினவாடகை என்று விளம்பரத்தில் இருப்பது ஆரம்பம் மட்டும்தான். ஓடும் மைலுக்குத் தனி, ஜெனரேட்டர் ஓடும் மணிக்குத் தனி, பாத்திரம், போர்வை வேண்டுமென்றால் தனி, தொட்டியைக் காலி செய்யாமல் ஒப்படைத்தால் அதற்கும் தனி. பெட்ரோல் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் அதிர்ஷ்டம். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு என் பஸ் அதைவிட அதிகம் கொடுத்தது.

தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவும் தண்ணீரெல்லாம் அடியில் ஒரு தொட்டியில் சேர்கிறது. சோறு, குழம்பு, பொரியல் என்று சமைத்தால் அது சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பினால் குளிக்கும் இடத்துத் தரை வழியாக எட்டிப் பார்க்கும். காலி செய்ய அதற்கென்று உள்ள இடத்துக்கு ஓட்டிப்போக வேண்டும். கையுறை மாட்டி, குழாயைப் பொருத்தி, முதலில் கக்கூஸ் தொட்டியைத் திறந்துவிட்டு, பிறகு சமையல் தொட்டியைத் திறக்க வேண்டும். அந்தத் தண்ணீர் குழாயை அலசிவிடும். வரிசை மாறினால் நாறும். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கும் மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் அதைச் செய்தார். அந்த இடத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறேன்? வாடகைக்கு விடுபவர்கள், வண்டியைக் கொடுக்கும் முன் காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் ஓட்ட வைக்க வேண்டும். வால் எப்படி வீசும், இறக்கத்தில் எந்தப் பட்டன், எத்தனை அடிக்கு முன்னால் பிரேக் வைத்தால் ஆறரை டன் நிற்கும் என்று காட்ட வேண்டும். இது வியாபாரத்தைக் கெடுக்கும் என்பார்கள். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துப் பயந்து ஒருவர் சின்ன வண்டிக்கு மாறினால் அது கெட்ட வியாபாரமா? அரசாங்கமும் 40 அடி வரை கார் லைசென்ஸ் போதும் என்பதை யோசிக்க வேண்டும். அதெல்லாம் நடக்கிறவரை, வாடகைக்கு எடுக்கும் பிள்ளைகளாவது, எந்தப் பூங்காவின் எந்தச் சாலையில் எத்தனை அடிக்கு அனுமதி என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற வண்டியைப் பதிவு செய்யலாம். நாம் வழக்கமாக வண்டியைப் பிடித்துவிட்டு ஊரைத் தேடுகிறோம். பின்பக்க பம்பரிலிருந்து முன்பக்க பம்பர் வரை டேப் வைத்து அளந்து பார்ப்பதிலும் வெட்கம் வேண்டாம்.

அடுத்த தடவை யூட்டாவில் உள்ள ஸயான் பூங்காவுக்குப் போகலாம் என்கிறாள் மகள். அங்கே 1930-ல் திறந்த ஒரு சுரங்கப்பாதை உண்டு, ஒரு மைலுக்கும் கொஞ்சம் அதிக நீளம். அந்தக் காலத்துக் கார்களுக்காகக் குடைந்தது. இத்தனை வருஷம் பெரிய வண்டி வந்தால் எதிர்ப்பக்கத்தை நிறுத்திவைத்து, தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு நடுவில் விட்டார்கள். 2026-ன் நடுப்பகுதியிலிருந்து பெரிய வண்டிகளுக்கு அந்த வழியே கிடையாது என்று பூங்கா நிர்வாகம் அறிவித்துவிட்டது. மாப்பிள்ளை இப்போதே 21 அடி வேன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அதில் நான்கு பேர்தான் படுக்க முடியும், நாங்கள் ஐந்து பேர். பேரன் தனக்கு வெளியே கூடாரம் போதும் என்கிறான். அவன் பாட்டி விடமாட்டேன் என்கிறாள்.