எட்டு போட்டவருக்கு நூற்றைம்பது குதிரை

வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாசம் பையன்களுக்கு ஒரு ஜுரம் வரும். கல்யாண ஜுரம் இல்லை, அது பெற்றோருக்கு வருவது. இது பைக் ஜுரம். லஞ்ச் டயத்தில் ஒரு கையால் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, இன்னொரு கையால் செல்போனில் சிவப்பாக எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எட்டிப் பார்த்தால், வெட்டுக்கிளிக்குப் பெயின்ட் அடித்த மாதிரி ஒரு வண்டி. முன்பக்கம் குனிந்து, பின்பக்கம் தூக்கி, நிற்கும்போதே ஓடுகிற மாதிரி தெரியும். விலையைக் கேட்டால் ஜுரம் நமக்கு வரும்.

"ஜோரா இருக்கு. உனக்கு பைக் ஓட்டத் தெரியுமா தம்பி?"

"வாங்கிட்டுக் கத்துக்கப் போறேன் சார்!"

இந்த பதிலைப் பற்றித்தான் இந்த வாரம். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா? தாராளமாக. கடலில் குதித்துக்கூட நீச்சல் கற்றுக்கொள்ளலாம். என்ன, கற்றுக்கொண்டவர்கள் மட்டும்தான் கரைக்கு வந்து, 'ரொம்ப ஈஸி' என்று சொல்வார்கள். மற்றவர்கள் வந்து அபிப்பிராயம் சொல்வதில்லை.

முதலில் குதிரைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். தெருவுக்குப் பத்து நிற்கிற ஸ்ப்ளெண்டருக்கு 97 சிசி, சுமார் 8 குதிரை சக்தி. உங்கள் சித்தப்பாக்கள் கண் கலங்கப் பேசுவார்களே, 1985-ல் வந்த ஆர்எக்ஸ் 100, அதற்கு 98 சிசி, 11 குதிரை. அந்தப் பதினொன்றுக்கே அந்தக் கால அம்மாக்கள் வாசலில் உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் சொன்னார்கள். யமஹாவின் ஆர்டி 350-ஐ 1983-ல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் இங்கே விட்டபோது அதற்கு 30 குதிரை. ஆர்டி என்றால் 'ரேபிட் டெத்' என்று ஊரே விரிவாக்கம் சொன்னது. பிறகு 1998-ல் யமஹா ஆர்1 வந்தது. 998 சிசி, 150 குதிரை, பெட்ரோல், ஆயில் ஊற்றாத எடை 177 கிலோ. சித்தப்பாவின் வண்டி மாதிரி பதின்மூன்று வண்டியின் சக்தியை ஒரே வண்டியில் திணித்துவிட்டார்கள். இந்த ரக வண்டிகள் முதல் கியரிலேயே மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். மீதி ஐந்து கியர் எதற்கு என்று நம்ம ஊர் ரோட்டில் யாருக்கும் தெரியாது.

அதே யமஹா 2008-ல் இங்கே விட்ட ஆர்15-ஐயும் பாருங்கள். சட்டை அண்ணனுடையது, உடம்பு தம்பியுடையது. 150 சிசி, 17 குதிரை. ஆகவே ஸ்போர்ட்ஸ் பைக் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. உருவம் மட்டுமா, சக்தியும் அப்படித்தானா என்று கேட்க வேண்டும். உருவம் முதுகைத்தான் கெடுக்கும். சக்தி மற்றதையெல்லாம் கெடுக்கும்.

முதுகை முதலில் பார்ப்போம். இந்த வண்டிகளில் கைப்பிடி தாழ்வாக இருக்கும், கால் வைக்கிற இடம் பின்னால், உயரத்தில் இருக்கும். உட்கார்ந்தால் நமஸ்காரம் பண்ணப் பாதி குனிந்தவர் மாதிரி ஆகிவிடுவோம். ரேஸ் மைதானத்தில் இதற்கு அர்த்தம் உண்டு. நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று மார்பைத் தாங்கிப் பிடிக்கும், மணிக்கட்டில் பாரம் இறங்காது. கிண்டி சிக்னலில் ஏது எதிர்க்காற்று? முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகைதான். பாரம் முழுக்க மணிக்கட்டில். இடுப்புக்குக் கீழே இன்ஜின் சூடு இலவசம். சந்தில் திருப்பினால் ஹேண்டில் பார் சாதா வண்டி மாதிரி ஒடியாது, அறுபது வயசு மாமா டிவிஎஸ் 50-ல் ஒரே வீச்சில் திரும்புகிற இடத்தில் நீங்கள் மூன்று தடவை முன்னே பின்னே உருட்ட வேண்டும். மாமா நின்று வேடிக்கை பார்ப்பார். பின் சீட்டு என்று ஒன்று உண்டு, தபால் கவர் அளவில். அதில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போக முடியாது. அம்மா ஏறவும் மாட்டாள்.

இதெல்லாம் சௌகரியக் குறைவு. கஷ்டப்பட்டாவது பழகிக்கொள்வேன் என்றால், அது உங்கள் முதுகு, உங்கள் இஷ்டம். விஷயம் வலது மணிக்கட்டில் இருக்கிறது.

புதிதாக ஓட்டுகிறவன் பயந்தால் என்ன செய்வான்? கையை இறுக்குவான். பள்ளத்தில் விழுந்தாலும் இறுக்குவான், நாய் குறுக்கே வந்தாலும் இறுக்குவான். இறுக்கும்போது உடம்பு பின்னால் சாயும், மணிக்கட்டு தானாகக் கீழே இறங்கும், ஆக்ஸிலரேட்டர் திருகிக்கொள்ளும். எட்டுக் குதிரை வண்டியில் இதன் பலன் ஒரு குலுக்கல், பக்கத்து ஆட்டோக்காரரிடம் இரண்டு நல்ல வார்த்தை, அவ்வளவுதான். நூற்றைம்பது குதிரை வண்டியில் முன் சக்கரம் வானத்தைப் பார்க்கும். வண்டி முன்னே பாய, உடம்பு இன்னும் பின்னே போக, கை இன்னும் திருக... அந்தச் சங்கிலியை அறுக்க அனுபவம் வேண்டும். நம்மவரிடம் அதுதான் இல்லை.

சின்ன வண்டி தப்பை மன்னிக்கும். பெரிய வண்டி சொன்னதை அப்படியே செய்யும், தப்பாகச் சொன்னாலும்!

ஷோரூமில் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். "சார், இதுலதான் பிரேக் பெஸ்ட், டயர் பெஸ்ட், ஏபிஎஸ் இருக்கு. சின்ன வண்டியை விட இதுதான் சேஃப்." பாதி வாஸ்தவம். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்குக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்று 2019 ஏப்ரலிலிருந்து சட்டமே வந்துவிட்டது. பதறிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்றும், நல்ல சமாச்சாரம். ஆனால், வளைவில் சாய்ந்திருக்கும்போது பதறிப் பிடித்தாலோ, ரோட்டோர மணலில் சக்கரம் ஏறினாலோ ஏபிஎஸ்ஸும் ஓரளவுக்குத்தான் உதவும். நல்ல பிரேக் உங்கள் வண்டியில் இருந்தால் போதாது, உங்கள் விரலிலும் இருக்க வேண்டும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர், லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் ஒரு அறிக்கை கொடுத்தார். விபத்தில் சிக்கியவர்களில் நூற்றுக்கு 92 பேர் முறையாகப் பழகாதவர்கள். தானாகவோ, அண்ணன் தம்பி, சிநேகிதன் சொல்லியோ கற்றவர்கள். (நம்ம ஊரில் வேறு வழி உண்டா என்கிறீர்களா? அதுவும் சரிதான்.) ஆபத்து வந்த அந்த ஒரு கணத்தில் அவர்களில் பலர் செய்தது, பின் பிரேக்கை ஓங்கி மிதித்துச் சறுக்கியது. வண்டியை நிறுத்தக்கூடிய முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவே இல்லை.

அதே அறிக்கையில் இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. விபத்தில் மாட்டியவர்கள் சராசரியாக மூன்று வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ரோட்டில் வண்டி ஓட்டியவர்கள். ஆனால், அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, விழுந்த அந்த வண்டியோடு பழக்கம் ஐந்து மாசம்கூட இல்லை. மூன்று வருஷ அனுபவஸ்தருக்கே புது வண்டி புதுசுதான். அனுபவமே இல்லாதவருக்குப் புது வண்டியும் புதுசு, ரோடும் புதுசு, பயமும் புதுசு.

அமெரிக்காவிலேயே இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் பணம் போட்டு நடத்தும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 2007-ல் கணக்குப் பார்த்தது. சூப்பர் ஸ்போர்ட்ஸ் ரக வண்டி ஓட்டுகிறவர்களின் சாவு விகிதம், சாதாரண ரக வண்டி ஓட்டுகிறவர்களைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. எல்லாப் பழியையும் வண்டி மேல் போட முடியாது. அதை ஓட்டியவர்கள் வயசிலும் சின்னவர்கள். ஆனால், நாம் பேசிக்கொண்டிருப்பதும் சின்னவர்களைப் பற்றித்தானே!

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். எதிரே ஏதோ வருகிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்குக்குப் போக ஒரு செகண்டு ஆகட்டும். அதற்குள் 11 மீட்டர் போயாச்சு. காய்ந்த ரோட்டில் நன்றாகப் பிரேக் பிடித்தால் இன்னும் ஒன்பது மீட்டர். மொத்தம் 20. எண்பதில் போனால்? இரண்டு மடங்கு, நாற்பது என்பீர்கள். இல்லை, சுமார் 57 மீட்டர். நூற்றிருபதில் 110-ஐத் தாண்டும். பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸை வரிசையாக ஒன்பது நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு. வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நாலு மடங்கு என்பது பிளஸ் டூ ஃபிசிக்ஸ். பரீட்சையில் அதற்கு ரெண்டு மார்க்தான் கொடுத்திருப்பார்கள்.

வண்டி செய்கிற ஜப்பான்காரன் தன் ஊரில் இதை எப்படி வைத்திருக்கிறான் தெரியுமா? 400 சிசிக்கு மேல் ஓட்டத் தனி லைசென்ஸ், தனி டெஸ்ட். நம்ம ஆட்கள் நிறையப் பேர் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் இன்னும் கறார். முதல் லைசென்ஸ் 200 சிசி வரைக்கும்தான். ஒரு வருஷம் ஆன பிறகு 400 வரை. அதற்கும் ஒரு வருஷம் ஆன பிறகுதான் அதற்கு மேல். பணம் இருக்கிறதா என்று கேட்பதில்லை, படி ஏறி வா என்கிறார்கள். இங்கே? பதினெட்டு வயசு ஆகியிருந்தால் போதும். ஆர்.டி.ஓ. மைதானத்தில், பக்கத்து வீட்டு அண்ணனிடம் கடன் வாங்கிய நூறு சிசி வண்டியில், கால் ஊன்றாமல் ஒரு எட்டு போட்டுக் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் தலையாட்டினால் அதே அட்டையோடு ஆயிரம் சிசியில் ஏறலாம். கியர் உண்டா இல்லையா என்றுதான் கேள்வி, குதிரை எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. சட்டம் கேட்காததை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்திய ரோடுகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். பெரிய எண் மனசில் நிற்காது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த நூற்றுக்கு நாற்பத்து நாலில் ஒருவன் இருந்தான். வண்டி வாங்கி நாலு மாசம். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டவர் அப்பா. ரிடையர் ஆனவர். காரியம் எல்லாம் முடிந்த அடுத்த மாசம் ஐந்தாம் தேதி தவணை கேட்டு போன் வந்தது. அவர் சண்டை போடவில்லை, வேறு எதுவும் கேட்கவில்லை. பென்ஷனிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார். மீதி இருந்தது முப்பத்திரண்டு தவணை.

இதைச் சொல்லி பைக்கே வேண்டாம் என்று பயமுறுத்தப் போவதில்லை. அந்த வயசில் காற்று முகத்தில் அடிக்கிற சந்தோஷத்தை வேண்டாம் என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

முதல் வருஷம் 100 அல்லது 125 சிசி. செகண்ட் ஹேண்டாக இருந்தால் இன்னும் உத்தமம், கீழே விழுந்து கீறல் பட்டால் மனசு கீறாது. விற்கும்போதும் பெரிய நஷ்டம் வராது. மழை, இருட்டு, மணல், தண்ணி லாரி, செல்போன் பேசிக்கொண்டே குறுக்கே நடப்பவர் என்று எல்லாப் பாடமும் அதிலேயே முடித்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலி மைதானம் பாருங்கள். தரையில் கோடு போட்டு, முப்பது கிலோமீட்டரில் வந்து இரண்டு பிரேக்கையும் பிடித்து நிறுத்துங்கள். முன் பிரேக்கைப் பறிக்கக் கூடாது, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஐம்பது தடவை செய்தால் விரல் கற்றுக்கொள்ளும். விரல் கற்றுக்கொண்டது ஆபத்தில் மறக்காது, மூளை கற்றுக்கொண்டது மறந்துவிடும். அப்புறம், எங்கே போக வேண்டுமோ அங்கே பாருங்கள். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள். வண்டி கண் போகிற பக்கம் போகும்.

இரண்டாவது வருஷம் 150, 200 சிசி, ஏபிஎஸ்ஸோடு. ஆர்15 மாதிரி சட்டை போட்ட வண்டிக்கு இதுதான் முறை, முதுகு சம்மதித்தால். அதற்கப்புறமும் ஆசை அடங்கவில்லையா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே பயிற்சி முகாம் நடக்கும்போது போய்ச் சேருங்கள். எதிரே லாரி வராது, மாடு வராது, மாமா வரமாட்டார். நூற்றைம்பது குதிரை எதற்கு என்று அங்கேதான் புரியும். ஈ.சி.ஆரில் புரிந்துகொள்ள முயலாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியாச்சே என்பவர்களுக்கு: மழை மோடு என்று ஒன்று இருந்தால் அதிலேயே ஆறு மாசம் வையுங்கள். பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள், முக்கியமாக 'இன்னும் வேகமாப் போடா' என்கிற சிநேகிதனை. ஹெல்மெட் தலைக்கு, பெட்ரோல் டாங்குக்கு அல்ல. கையுறையும் ஷூவும் வண்டி விலையில் சேர்த்தி என்று நினைத்துக்கொள்ளுங்கள். விழும்போது முதலில் ஊன்றுவது உள்ளங்கைதான்.

'இந்த கலர் அப்புறம் கிடைக்காது சார்' என்று ஷோரூமில் சொல்வார்கள். கிடைக்கும். சிவப்பு அடுத்த வருஷமும் வரும், அதற்கடுத்த வருஷமும் வரும்.