கிணற்றை யார் அளப்பது?

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், அக்கா தங்கைகளுக்கும்,

பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து மனசு ஆறவில்லை. போனில் பேசினால் சண்டையில் முடியும், அதனால் எழுதுகிறேன்.

ஜனவரி 26 கிராம சபையில் நானும் உட்கார்ந்திருந்தேன். சுரங்கத்தால் தண்ணீர் கீழே போய்விட்டது என்று நம்மாட்கள் ஆவேசமாகப் பேசினார்கள். நியாயமான ஆவேசம்தான். வந்திருந்த அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பத்து வருஷத்துக்கு முன்னாடி எத்தனை அடியில இருந்தது?” ஒருத்தர் நாற்பது என்றார். இன்னொருத்தர் எண்பது என்றார். பெரியப்பா ஒருவர் எழுந்து, எங்க காலத்துல குனிஞ்சு மொண்டோம் என்றார். கொஞ்ச நேரத்தில் நமக்குள்ளேயே வாக்குவாதம் முற்றியது. அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அவர் ஒன்றும் எழுதவில்லை. எழுதும்படி நாமும் ஒன்றும் சொல்லவில்லை.

என் கோபமெல்லாம் அங்கேதான். ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரி தட்டுப்பட்ட கதையைத் தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1956-இல் தொடங்கிய என்எல்சி கம்பெனிக்குப் பக்கத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம். இத்தனை வருடத்தில் ஒரு கிணற்றின் நீர்மட்டத்தைக்கூட நாம் எழுதி வைக்கவில்லை. தாத்தா கல்யாணத்து மொய் நோட்டு இன்னும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. யார் எவ்வளவு செய்தார்கள், நாம் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று பைசா பிசகாமல் இருக்கிறது. சொந்தக்காரனிடமே கணக்கு வைத்துக்கொண்டுதான் உறவைக் காப்பாற்றுகிறோம். அவ்வளவு பெரிய கம்பெனியிடம் மட்டும் ஏன் வாய்க்கணக்கு?

நான் ஆஸ்திரேலியாவில் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. “மைன்ஸ்ல இன்ஜினியர்” என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறார். பில்பாராவில் ஓர் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் நிலத்தடி நீரை அளப்பதுதான் என் வேலை. தாது நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. தண்ணீரை இறைத்தால்தான் வெட்ட முடியும். நம் ஊரிலும் அதே கதைதானே? கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்து மேலே வரும்.

இங்கே சுரங்கத்தைச் சுற்றிக் கண்காணிப்புக் குழாய்கள் இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் அளவு நாடாவை விடுவேன். நுனி தண்ணீரைத் தொட்டதும் பீப் என்று சத்தம் வரும். குழாய் விளிம்பிலிருந்து எத்தனை மீட்டர், எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவேன். இந்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை. அந்த எண்கள் கம்பெனி அலமாரியோடு நிற்பதில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிப் பெரியவர்கள் முன்னால் அட்டவணையாகப் போகின்றன. ஒரு கூட்டத்தில் பாட்டி ஒருவர், ஆற்று மடு ஒன்றின் பேரைச் சொல்லி, அங்கே தண்ணீர் வற்றுவது உங்கள் தாளில் ஏன் இல்லை என்று கேட்டார். மேலாளரிடம் பதில் இல்லை. மடுவுக்குப் பக்கத்தில் புதுக் குழாய் இறக்கினோம். இப்போது அங்கேயும் நான்தான் அளக்கிறேன்.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. 2020 மே 24-ஆம் தேதி, இதே பில்பாராவில் ஜூக்கான் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் புழங்கிய பாறைக் குகைகளை ரியோ டின்டோ கம்பெனி வெடி வைத்துத் தகர்த்தது. 2013-லேயே அமைச்சரின் அனுமதி வாங்கி வைத்திருந்தது. சட்டம் அதன் பக்கம் இருந்தது. குகைகளுக்கு உரிய புட்டு குந்தி குர்ராமா, பினிகுரா மக்கள் கடைசி நேரம் வரை தடுக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஆனால் அதற்குமேல் கம்பெனியால் நிமிர முடியவில்லை. நாடாளுமன்ற விசாரணை வந்தது. தலைமைச் செயல் அதிகாரியும் இரண்டு மூத்த அதிகாரிகளும் பதவியை விட வேண்டியதாயிற்று. ஏன் தெரியுமா? 2014-இல் அங்கே நடந்த அகழாய்வின் பதிவு இருந்தது. மனித முடியால் பின்னிய 4,000 ஆண்டுப் பழைய பட்டை கிடைத்ததும், அதன் மரபணு இன்றிருக்கும் அந்த மக்களோடு ஒத்துப்போனதும் எழுத்தில் இருந்தன. இழந்தது என்ன என்று அவர்களால் காட்ட முடிந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, நின்றுகொண்டிருந்த நெற்பயிர் மேல் இயந்திரங்களை ஏற்றினார்கள். நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது என்எல்சி. அறுவடை வரை பொறுக்க முடியாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது; ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கையில் பத்திரம் இருந்தால் மட்டும் அக்கம்பக்கம் நம்பாது என்று அந்தக் கம்பெனிக்கு இதைவிட யாரும் எடுத்துச் சொல்ல முடியாது. நமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. பயிர் கண்ணுக்குத் தெரிந்தது, டிவியில் நாடே பார்த்தது. கிணற்றுக்குள் நடப்பதை எந்த கேமராவும் காட்டாது. எண் ஒன்றுதான் காட்டும்.

லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. பள்ளிக்கு பெஞ்சு வரும், தெருவிளக்கு வரும், பெரிய எழுத்தில் பெயர்ப்பலகை வரும். வாங்கிக்கொள்வோம், தப்பில்லை. ஆனால் அதையே நல்லுறவு என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் என்ற பிளாட்டினம் சுரங்கம் இருக்கிறது. சுற்றியிருந்த பண்ணைக்காரர்கள் மல்லுக்கு நின்று, 2000-ஆம் ஆண்டு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஆற்று நீரின் சோதனை முடிவு அவர்கள் கைக்கு வர வேண்டும். அதைச் சரிபார்க்கும் நிபுணர் அவர்களுடைய ஆள், சம்பளம் கம்பெனியுடையது. சாலையில் வண்டி நெரிசலைக் குறைக்கத் தொழிலாளர்கள் பஸ்ஸில் வர வேண்டும். கோர்ட்டில் செல்லும் ஒப்பந்தம் அது; கம்பெனி கைமாறிய பிறகும் செல்கிறது. அவர்கள் யாரும் சுரங்கத்தை மூடச் சொல்லவில்லை. கம்பெனியும் அவர்களை எதிரியாக நடத்துவதில் லாபமில்லை என்று புரிந்துகொண்டது. அளவு பொதுவாக இருக்கும்போது பேச்சு சுருக்கமாக முடிகிறது. கம்பெனி சொல்வதை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியே எழுவதில்லை.

உங்கள் கோபம் எனக்குத் தெரியும். பாஸ்போர்ட் வாங்கி ஏறிப் போனவன், வருடத்துக்கு ஒருமுறை வந்து பாடம் நடத்துகிறான் என்பீர்கள். வீட்டுக்கு ஒருத்தருக்கு நிரந்தர வேலை கேட்டு வெயிலில் உட்கார்ந்தது நீங்கள், நான் இல்லை. குழாயில் தண்ணீர் வராத நாளில் குடம் தூக்குவது என் தங்கை, நான் இல்லை. இன்னொருத்தர் ஊர்த் தண்ணீரைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து சம்பளம் வாங்குகிறேன். நான் நீச்சல் பழகிய கிணறு இன்று எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இந்த எண்ணம் என்னைத் தூங்க விடவில்லை. அதனால்தான் உரிமையோடு திட்டுகிறேன், அதே உரிமையோடு கெஞ்சுகிறேன்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ஊரின் நான்கு மூலையிலும் மோட்டார் இறக்காத ஒரு கிணறு அல்லது பழைய போர் தேர்ந்தெடுங்கள். விளிம்பில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். அளவு எப்போதும் அந்தக் கோட்டிலிருந்துதான். மாதம் முதல் தேதி, சுற்றியுள்ள மோட்டார்கள் ஓடுவதற்கு முன்னால், அதிகாலையில் அளக்க வேண்டும். அளப்பவர் கையெழுத்து, இன்னொருவர் சாட்சிக் கையெழுத்து. பக்கத்தை போனில் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருடத்துக்கு நான்கு முறை அளக்கிறது. நம் நோட்டில் பன்னிரண்டு இருக்கும். மழை பெய்தால் எவ்வளவு ஏறுகிறது, நம் சொந்த மோட்டார்களால் எவ்வளவு இறங்குகிறது என்பதும் அதில் தெரியும். தெரியட்டும், மறைக்க வேண்டாம். நம் பங்கையும் எழுதி வைத்தால்தான் மற்றவர் பங்கைக் கேட்கும்போது குரல் எடுபடும்.

அடுத்த கிராம சபையில் மூன்று தீர்மானம் போடுங்கள். முதலில், சுரங்கத்தைச் சுற்றிக் கம்பெனி அளக்கும் நீர்மட்டத்தை மாதாமாதம் தமிழில் ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுற்றுச்சூழல் நிபந்தனை அறிக்கை கொடுப்பது அவர்கள் கடமை. அதன் நகலும் கூடவே பஞ்சாயத்துக்கு வர வேண்டும். அரசு நிறுவனம் என்பதால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். அடுத்தது, 2015-இலிருந்து சட்டத்தில் இருக்கிற மாவட்டக் கனிம அறக்கட்டளைப் பணத்தில் நம் ஊர்க் குடிநீருக்கு எவ்வளவு வந்தது என்று எழுத்தில் பதில் வேண்டும். கடைசியாக, வயலில் எந்த வேலையானாலும் அறுவடை முடிந்த பிறகே என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்குங்கள்.

அளவு நாடாவை நான் வாங்கி அனுப்புகிறேன். நோட்டுக்கும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அளக்க மட்டும் நீங்கள்தான் வேண்டும், அங்கே இருப்பவர்கள் நீங்கள்தான். வருகிற முதல் தேதியே தொடங்குங்கள். அடுத்த அதிகாரி வந்து எத்தனை அடி என்று கேட்டால், ஊரே ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை,
மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து