கட்டி திரும்பி வந்தால் பெற்றவரைத் தனியே அனுப்பாதீர்கள்



"அப்பாவுக்கு ஒரு காது மந்தம். வயசாயிடுச்சு, ஃபேக்டரி சத்தம் வேற" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். மெஷின் சத்தத்தாலும் வயதாலும் வரும் மந்தம் பெரும்பாலும் இரண்டு காதையும் பிடிக்கும். ஒரே காது மெல்ல மெல்ல மந்தமாகி, உள்ளே இரைச்சல் கேட்டு, நடையும் தள்ளாடினால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டத்தான் வேண்டும். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி இருக்கலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் அது தெரியும்.

இந்தக் கட்டி புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் வளரும். சிலருக்கு வளராமலே நிற்கும். "கேன்சர் இல்லையாம்" என்றதும் வீட்டார் நிம்மதியாகி, ஆஸ்பத்திரி கார்டைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. கட்டி பெருத்தால் மூளைத்தண்டை அழுத்தும். ஆபரேஷன் செய்தாலும், முக நரம்பைக் காப்பாற்ற டாக்டர் சிறு துண்டை விட்டுவைப்பது உண்டு. அது மறுபடி வளரலாம். அதனால்தான் பல வருஷம் படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

எல்லாம் முடிந்தது என்று இருந்தவரிடம் "திரும்பி வந்திருக்கிறது" என்றால் மனசு ஒடிந்துபோகும். அதோடு, ஒரு காதில் மட்டும் கேட்பவருக்குக் கூட்ட இரைச்சலில் பேச்சு புரியாது. டாக்டர் சொன்னதில் பாதியைக் கேட்டு, வெட்கப்பட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருவார். ஆகவே மகனோ மகளோ கூடவே போகவேண்டும். பழைய படங்களையும் ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். போன தடவையைவிட எத்தனை மில்லிமீட்டர் கூடியிருக்கிறது? பொறுத்துப் பார்க்கலாமா, கதிர் வைத்தியமா, ஆபரேஷனா? முகத்துக்கும் காதுக்கும் நடைக்கும் என்ன ஆகும்? இவற்றைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் கத்திப் பேசாதீர்கள். நல்ல காது இருக்கும் பக்கம் வந்து, முகம் பார்த்துப் பேசுங்கள். இருட்டில் தள்ளாட்டம் கூடும். ராத்திரியில் குளியலறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். லாரி ஹார்ன் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது, ரோட்டில் கூட நடங்கள். திடீரென்று காது அடைத்தாலோ, முகம் கோணினாலோ, கடும் தலைவலியோடு வாந்தி வந்தாலோ, கார்டில் உள்ள தேதிவரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கூடப் போக லீவு எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தான் எம்.சி. உண்டு, தாய் தகப்பனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக விடுப்பு இல்லை. இரண்டு வருஷம் நிறையாதவருக்குச் சட்டப்படி ஆண்டு விடுப்பே 8 நாள்தான். அதுவும் தீர்ந்தால் ஒருநாள் சம்பளம் போகும். சம்பளம் போகுமே என்றுதான் வயசானவர்கள் தனியாகப் பஸ் ஏறுகிறார்கள். அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் இதற்கென்று சம்பளத்தோடு சில நாள் விடுப்பை நம் சங்கம் கேட்கவேண்டும் என்பது என் கருத்து. கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள்.